"அம்மாவுக்குத் தூக்கம் வரல"

மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்த 2014 ஒக்டோபர் 29ஐ வருடாவருடம் எழுதிவிடுகிறோம். காலையில் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனதால் தப்பியவர்கள், மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் கழிந்த நாட்கள், பிறகு பூனாகலையில் கிடைத்த வீடுகள். இம்முறை ஆசிரியர் குழு கேட்டது வேறு: உயிரை விடப் போய், பிழைத்து வந்தவர்கள் தோட்டத்தில் எப்படி வாழ்கிறார்கள்?

எல்லாம் அந்தச் சரிவால் வந்த நோய் என்று எழுதினால் கட்டுரை நன்றாகப் போகும். ஆனால் மண் விழாத லய வரிசை வீடுகளிலும் காதுக்குள் குரல் கேட்டு அந்த முடிவுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். "பேய்க்குப் பார்க்கணும்" என்று பூசாரியிடம் போய்வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

இலங்கை முழுவதற்குமான கணக்கு நல்ல கணக்குதான். 1995 அளவில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையில் போனார்கள். கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்ததில், இருபது வருடத்துக்குள் அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டமும் 1998இல் ஒழிந்தது. லயத்தில் மட்டும் "பொலிஸ் வரும்" என்ற பயம் ஒழியவில்லை.

பிழைத்தவர் கையில் மிஞ்சுவது ஒரு கிளினிக் கொப்பி. ஷொப்பிங் பேக்கில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். கிளினிக் நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். பஸ் காசு தனி. மருந்து இலவசம், வேலையும் செய்கிறது. விடாமல் எடுத்துக் குரல் அடங்கி, மறுபடி கொழுந்துக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்னை அரிப்பது அந்தக் கிளினிக் அறைக்குள் நடப்பது. ஒரு கிளினிக்கில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். நடுவில் நின்றது பள்ளிக்கூட உடுப்போடு வந்த மகள். "செத்துப் போன்னு சொல்லிக்கிட்டே இருக்குது" என்றாள் தாய். பிள்ளை ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு சிங்களத்தில், அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொன்னாள். அவளால் வேறு என்ன சொல்ல முடியும்? கொப்பியில் ஏறியதும் அதுதான். டொக்டர் பற்றாக்குறைதான் முதல் பிரச்சினை என்பார்கள், இருக்கட்டும். தமிழ் அரசகரும மொழியானது 1987இல். உயிர்போகிற பேச்சை ஒரு பிள்ளையின் வாய்வழியாகத்தான் இன்னும் அனுப்ப வேண்டுமா?

தேசிய மனநல உதவிக்கு 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், இரவு பகல் எந்நேரமும். ஆனால் பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. முணுமுணுத்தாலும் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். நம்புகிற ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு பீலிப் பக்கம் போய் நின்று பேசுங்கள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.