மஞ்சள் கொடியும் மாலை விருந்தும்

விமானத்தில் அயல்நாடு போகிறவர்களுக்குக் கவலை அதிகமில்லை. வரிசையில் நின்று பாஸ்போர்ட்டை நீட்டினால் முத்திரை விழுந்துவிடும். ஆனால் சொந்தப் பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு, கணவனும் மனைவியுமாகக் கடல் கடந்து வருகிறவர்கள் எப்படி ஒரு நாட்டுக்குள் நுழைகிறார்கள்? நம் வாசகர்களுக்கு இது சுவையாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

கண்ட இடத்தில் கரை ஒதுங்க அனுமதியில்லை. ஒவ்வொரு நாடும் சில துறைமுகங்களையே நுழைவுத் துறைமுகங்களாக வைத்திருக்கிறது. அங்கு வந்ததும் பாய்மரத்தில் 'க்யூ' என்னும் மஞ்சள் கொடியை ஏற்ற வேண்டும். "என் கலத்தில் நோயில்லை, அனுமதி வேண்டுகிறேன்" என்பது அதன் பொருள். அதன் பின் பெரும்பாலும் தலைவர் மட்டுமே கரைக்குச் செல்வார். படகின் பதிவுச் சான்று, பயணிகள் பட்டியல், கடைசியாகப் புறப்பட்ட துறைமுகம் தந்த விடுப்புச் சீட்டு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் படகிலேயே காத்திருப்பார்கள். அனுமதி கிடைத்ததும் மஞ்சள் கொடி இறங்கும். பாய்மரத்தின் வலப்புறம் அந்நாட்டின் கொடி மரியாதைக்காக ஏறும்.

ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு இது 'லைன் கிளியர்' போலவே தோன்றுகிறது. பின்னால் விட்டு வந்த ஸ்டேஷனும் முன்னால் இருக்கும் ஸ்டேஷனும் ஒப்புக்கொண்டால்தான் வண்டி நகரும். சிக்னல் விழாத வண்டி வெளியே நிற்க வேண்டியதுதான்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, அட்லாண்டிக் நடுவே போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளில் உள்ள ஹோர்ட்டா துறைமுகம். பெர்முடாவிலிருந்து சுமார் 1,800 கடல் மைல். இரண்டு மூன்று வாரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் காணாமல், முறை வைத்து இரவும் பகலும் கண்விழித்து வருகிறார்கள். தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரான ஜோஷுவா ஸ்லோகம் 1895இல் இங்கு தங்கிச் சென்றார். 1918இல் தொடங்கப்பட்ட 'பீட்டர் கஃபே ஸ்போர்ட்' என்னும் சிற்றுண்டிச்சாலை, வரப்போகும் படகுக்காரர்களுக்கு வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்துப் புகழ் பெற்றது. வந்த படகெல்லாம் தன் பெயரைத் துறைமுகச் சுவரில் ஓவியமாகத் தீட்டிவிட்டுப் போகும். தீட்டாமல் போனால் பயணத்தில் தீங்கு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. கடலுக்குப் போகிறவனுக்கு எந்த நாட்டிலும் சகுனம் உண்டு போலும்!

நங்கூரம் விழுந்ததும் பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் டிங்கியில் வருவார். (இந்த 'டிங்கி' நம் நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், இரட்டை உடல் படகைக் குறிக்கும் 'கேட்டமரான்' நம் கட்டுமரமேதான்.) டீசல் எங்கே, நல்ல தண்ணீர் எங்கே, சமையல் காஸ் எங்கே நிரப்புவார்கள், எந்த அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் அவர் வாயாலேயே தெரிந்துவிடும். பஹாமாவின் ஜார்ஜ் டவுன் போன்ற இடங்களில் காலையில் ரேடியோவில் எல்லாப் படகுகளும் கூடிப் பேசும் வழக்கம் உண்டு. அவசர உதவி, வானிலை, புதிதாக வந்தவர், புறப்படுகிறவர் என்று முறைப்படி நடக்கும். மாலையில் ஆளுக்கொரு பண்டம் சமைத்து வந்து கூடி உண்பார்கள்.

இது வெறும் அரட்டையல்ல. பனாமா கால்வாயில் படகை 26 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி இறக்குகிறார்கள். லாக் அறைக்குள் தண்ணீர் பொங்கும்போது நான்கு கயிறுகளையும் இழுத்துப் பிடிக்க, படகை ஓட்டுபவர் தவிர நான்கு பேர் வேண்டும். இருவர் மட்டுமுள்ள படகு என்ன செய்யும்? அடுத்த படகுக்காரர்கள் ஏறி உதவுவார்கள்; அவர்கள் முறை வரும்போது இவர்கள் போவார்கள்.

2020இல் கொரோனா பரவியபோது, நடுக்கடலில் இருந்த பல படகுகளுக்கு முன்னால் துறைமுகங்கள் மூடிக்கொண்டன. ஹோர்ட்டாவில் கரையேறத் தடை இருந்தாலும் நங்கூரமிட விட்டார்கள். உணவும் எரிபொருளும் படகுக்கே வந்து சேர்ந்தன. உள்ளே விடாமலேயே உயிர் காக்கலாம் என்பதற்கு அது சான்று.

நம்மவரும் இதில் பின்தங்கவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா, கேரளத்துத் தில்னாவுடன் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டார். ஃப்ரீமேண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் துறைமுகங்களில் தங்கி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்.

மாற்றலாகி இவ்வூருக்கு வரும் தமிழ்க் குடும்பத்துக்கும் முதலில் தெரிய வேண்டியது இட்லி அரிசி எங்கே கிடைக்கும், பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்பதுதான். டிங்கியை எடுத்துக்கொண்டு முதலில் போகிறவர் நாமாக இருக்கலாமே!