பத்தாவது ஆள் வந்தால்தான் வழிபாடு: இந்திய யூதர்களின் ஜெப ஆலயங்கள் இன்று இயங்குவது எப்படி?

மும்பை: யூத சமயத்தில் தந்தையோ தாயோ இறந்தால், மகன் பதினொரு மாதங்கள் ‘கத்தீஷ்’ என்னும் மன்றாட்டைச் சொல்லி வர வேண்டும் என்பது மரபு. அரமேய மொழியில் அமைந்த அந்த மன்றாட்டில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறைவனின் பெருமை மட்டுமே அதில் போற்றப்படுகிறது.

ஆனால் அதைத் தனியாகச் சொல்ல இயலாது. பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். ஒன்பது பேர் வந்து அமர்ந்து, பத்தாவது ஆள் வராமல் போனால், துக்கத்தில் இருப்பவர் அதைச் சொல்லாமலேயே வீடு திரும்ப வேண்டியதுதான்.

பத்துப் பேர் கொண்ட இந்தக் கூட்டத்துக்கு ‘மின்யான்’ என்று பெயர். 13 வயது நிறைந்த ஆண்களை மட்டுமே இதில் எண்ண வேண்டும் என்பது பழைமைவாதப் பிரிவினரின் விதி. சீர்திருத்தப் பிரிவினர் பெண்களையும் எண்ணுகின்றனர். கத்தீஷுக்கு மட்டுமன்றி, தோரா சுருளைச் சபையில் வாசிப்பதற்கும் மின்யான் தேவை. விளக்கேற்றி ஓய்வுநாளை வரவேற்பது, பாஸ்கா விருந்து போன்ற வீட்டுச் சடங்குகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இந்தியாவின் யூத சமூகத்துக்கு இன்று உள்ள நடைமுறைச் சிக்கல் இந்த எண்ணிக்கைதான். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாட்டில் சுமார் 26 ஆயிரம் யூதர்கள் இருந்தனர். 1948-இல் இஸ்ரேல் உருவான பின் தொடங்கிய குடிபெயர்வால் இன்று சுமார் ஐந்தாயிரம் பேரே எஞ்சியுள்ளதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் மும்பையிலும் அதை ஒட்டிய தாணேயிலும் வாழ்கின்றனர். மற்ற நகரங்களில் ஜெப ஆலயக் கட்டடம் இருக்கிறது. பத்துப் பேர் இருப்பார்களா என்பதே கேள்வி.

ரபி இல்லாத சபைகள்

மகாராஷ்டிர யூதர்கள் ‘பெனே இஸ்ரவேல்’ என்று அழைக்கப்படுகின்றனர். அலிபாக் அருகே நவ்காவ் கடற்கரையில் கப்பல் உடைந்து, உயிர் தப்பிய ஏழு இணையர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் நம்பிக்கை. கொங்கண் கிராமங்களில் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்துவந்த இவர்கள், ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்கள். இதனால் மராத்தியில் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை வாணியர், என்று ஊரார் அழைத்தனர்.

மும்பையில் இவர்களின் முதல் ஜெப ஆலயம் 1796-இல் எழுந்தது. மாண்ட்வி பகுதியில் உள்ள அந்த ‘ஷார் ஹாரஹமீம்’ ஆலயத்தை அக்காலத்தில் மக்கள் மசூதி என்றே குறிப்பிட்டதால்தான், அருகில் உள்ள ரயில் நிலையத்துக்கு ‘மஸ்ஜித்’ என்று பெயர் வந்தது என்ற கருத்தும் உண்டு. தாணேயில் 1879-இல் தொடங்கப்பட்ட ‘ஷார் ஹஷமாயிம்’ ஆலயம் இன்று நாட்டிலேயே ஆள்நடமாட்டம் மிகுந்த ஜெப ஆலயங்களில் ஒன்று.

இந்தச் சபைகளின் தனித்தன்மை, பெரும்பாலும் ரபி எனப்படும் மதகுரு இல்லாமலேயே அவை இயங்கி வந்திருப்பதுதான். எபிரேய வழிபாட்டை ராகத்துடன் ஓதத் தெரிந்த ‘ஹஸான்’ ஒருவர் முன்னின்று நடத்துவார். யாரை எந்தப் பொறுப்புக்கு அழைப்பது என்பதையும் கணக்கு வழக்கையும் நிர்வாகக் குழுவினர் பார்த்துக்கொள்வர். அலுவலகத்தில் பணிபுரிபவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் சனிக்கிழமை காலையில் வாசகராக நிற்க முடியும். எனவே ஒருவர் சபை வாழ்வில் ஈடுபடுவது என்பது வந்து அமர்ந்துவிட்டுப் போவதோடு முடிவதில்லை. ஓதக் கற்றவர் குறைந்தால் வழிபாடே நின்றுவிடும்.

வாரத்தின் முதன்மையான கூடுகைகள் இரண்டு. வெள்ளிக்கிழமை அந்தி சாயும் வேளையில் ஓய்வுநாளை வரவேற்கும் வழிபாடு நடைபெறும். சனிக்கிழமை காலை தோரா வாசிப்பு. தோலில் கையால் எழுதப்பட்ட அந்தச் சுருள் ஓராண்டுக்குள் முழுமையாக வாசித்து முடிக்கப்படும் வகையில் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சனிக்கிழமை வாசிப்பின்போது ஒருவர்பின் ஒருவராக ஏழு பேர் மேடைக்கு அழைக்கப்படுவர். புதிதாக ஊருக்கு வந்த யூதர் ஒருவரை அன்றே மேடைக்கு அழைப்பது, அவரைச் சபை தன்னவராக ஏற்றுக்கொண்டதற்கான அடையாளம்.

வெள்ளிக்கிழமை இரவு திராட்சை மதுவைக் கையில் ஏந்தி ஆசி கூறுவது உலகெங்கும் உள்ள யூத வழக்கம். சமய விதிப்படி தயாரித்த மது கிடைக்காத கொங்கணத்தில், உலர் திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சர்பத்தே அதன் இடத்தைப் பிடித்தது. பெனே இஸ்ரவேல் வீடுகளில் இன்றும் அது தொடர்கிறது.

அவர்களுக்கே உரிய மற்றொரு சடங்கு ‘மலீதா’. அவலுடன் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் கலந்து, பழங்களைச் சுற்றிலும் அடுக்கி, இறைவாக்கினர் எலியாவை நினைந்து எபிரேயத்தில் பாடுவார்கள். திருமணம், புதுமனை புகுதல், நேர்த்திக்கடன் என எதற்கும் மலீதா உண்டு. யூத சமூகத்தில் பிறந்தும் எபிரேயம் அறியாத இளைஞர் பலருக்குச் சமூக வாழ்வின் முதல் நினைவு இந்தத் தட்டுதான் என்றால் மிகையில்லை.

எண்ணிக்கையில் சேர்க்கப்படாதவர்கள்

இன்று பத்தாவது ஆளைத் தேடும் இதே சபைகளில் சில, ஒரு காலத்தில் வந்தவர்களையே எண்ண மறுத்தன என்பதும் வரலாறு.

ஈராக், சிரியா பகுதிகளில் இருந்து வணிகத்துக்காக வந்து மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியவர்கள் பாக்தாதிய யூதர்கள். சசூன் குடும்பத்தினர் அவர்களில் புகழ்பெற்றவர்கள். மும்பை பைகுல்லாவில் உள்ள ‘மாகேன் டேவிட்’ ஆலயமும், கோட்டைப் பகுதியில் நீல வண்ணத்தில் நிற்கும் 1884-ஆம் ஆண்டின் ‘கெனெசெத் எலியாஹு’ ஆலயமும் அக்குடும்பத்தின் கொடைகள். பெனே இஸ்ரவேலரின் யூத மரபு தூய்மையானதா என ஐயுற்ற பாக்தாதியரில் பலர், அவர்களை மின்யானில் சேர்க்கத் தயங்கினர். இஸ்ரேலிலும் இந்த ஐயம் எழுந்து, நீண்ட போராட்டத்துக்குப் பின் 1964-இல்தான் பெனே இஸ்ரவேலர் எல்லா வகையிலும் முழுமையான யூதர்கள் என்று அறிவிக்கப்பட்டது. பாக்தாதியர் ஏறத்தாழ முழுவதுமாக வெளியேறிவிட்ட நிலையில், அவர்கள் எழுப்பிய மும்பை ஆலயங்களில் இன்று வழிபாட்டுக்குக் கூடுபவர்களில் பெரும்பாலோர் பெனே இஸ்ரவேலரே.

கொச்சியில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது. மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில், அடிமைநிலையில் இருந்து விடுவிக்கப்பட்டோரின் வழிவந்த யூதர்கள் இருக்கைகளில் அமரவும் தோரா வாசிப்புக்கு அழைக்கப்படவும் உரிமை இல்லாதிருந்தது. அந்த வகுப்பில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம், காந்தியடிகளின் வழியைப் பின்பற்றி ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்று அவர் அழைக்கப்பட்டார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. எனினும் 1950-களில் கேரள யூதர்கள் பெருமளவில் இஸ்ரேலுக்குக் குடிபெயரத் தொடங்கிவிட்டதால், அவர் வென்றெடுத்த இருக்கைகளில் அமர ஆள் இல்லாமல் போயிற்று. 2024 ஆகஸ்டில் மட்டாஞ்சேரி பரதேசி யூதர்களில் கடைசிப் பெண்மணியும் காலமானார். அயலூர்களில் இருந்து யூதர்கள் வந்து சேரும் நாள்களில் மட்டுமே அங்கு மின்யான் கூடுகிறது.

பெண்களை எண்ணுவதா என்ற கேள்வியும் இந்தியாவுக்குப் புதிதன்று. லண்டனில் மருத்துவம் பயின்று திரும்பிய மகப்பேறு மருத்துவர் ஜெருஷா ஜிராத், மும்பையில் 1925-இல் தொடங்கப்பட்ட யூத சமய சங்கத்தின் முன்னோடி. ஆண்களும் பெண்களும் ஒன்றாக அமர்ந்து வழிபடும் சீர்திருத்த மரபை அச்சங்கம் இங்கு கொண்டுவந்தது. 1966-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தில்லி கண்ட வழி

தலைநகரின் ஹுமாயூன் சாலையில் உள்ள ‘ஜூதா ஹயாம்’ ஆலயம் 1956-இல் கட்டப்பட்டது. நகரின் உள்ளூர் யூதக் குடும்பங்கள் சுமார் பத்து மட்டுமே. தூதரக ஊழியர்கள், சுற்றுலாப் பயணிகள், பணி நிமித்தம் தங்கியிருப்பவர்கள் ஆகியோரையும் சேர்த்துத்தான் வெள்ளிக்கிழமை வழிபாடு நடக்கிறது. இந்நிலையில், பெண்களையும் மின்யானில் எண்ணுவது என அச்சபை முடிவு செய்தது. முறைப்படி ரபி பட்டம் பெறாத வழக்கறிஞர் எசக்கியேல் ஐசக் மாலேகர், கௌரவச் செயலாளராக நெடுங்காலம் ஊதியமின்றி அந்த வழிபாட்டை நடத்தி வந்தவர்.

பழைமைவாதிகள் இதை ஏற்பதில்லை. ஆனால் அவர்களின் விதியை அப்படியே கடைப்பிடித்தால் தில்லியில் பல வெள்ளிக்கிழமைகளில் கத்தீஷே ஒலித்திருக்காது என்பதையும் மறுக்க முடியாது.

ஆலயத்தை ஒட்டி யூதக் கல்லறைத் தோட்டம் உள்ளது. 1971 வங்கதேசப் போரில் டாக்கா சரணாகதிக்கு வழிவகுத்த லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் 2016-இல் அங்குதான் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கொல்கத்தாவின் பாக்தாதியக் குடும்பத்தில் பிறந்தவர்.

அந்தக் கொல்கத்தாவில் இன்று யூதர்கள் சுமார் இருபது பேர்தான் உள்ளனர். 1856-இல் கட்டப்பட்ட ‘பெத் எல்’, 1884-இல் எழுந்த ‘மாகேன் டேவிட்’ ஆகிய ஆலயங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. மின்யான் கூடாததால் அங்கு முறையான வார வழிபாடு இல்லை. தலைமுறைகளாக இந்த ஆலயங்களைக் கூட்டிப் பெருக்கி, சரவிளக்குகளைத் துடைத்துப் பராமரித்து வருபவர்கள் ஒடிசாவைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்தினர். நகரின் யூதப் பெண்கள் பள்ளியிலும் மாணவியரில் பெரும்பாலோர் முஸ்லிம்களே.

சென்னைக்கும் இதில் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் பவழத்தைக் கொண்டுவந்து வைரம் வாங்கிச் சென்ற யூத வணிகர்கள் மதராசில் குடியிருந்தனர். பவழக்காரத் தெருவின் பெயரில் அந்த வணிகத்தின் நினைவு நிற்கிறது. அவர்களின் கல்லறைக் கற்கள் சில லாயிட்ஸ் சாலையில் உள்ளன. சபை இல்லை.

கதவுகள் யாருக்குத் திறக்கும்?

2008 நவம்பர் 26 தாக்குதலில் மும்பை நரிமன் இல்லத்தில் இருந்த ரபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் அவருடைய மனைவி ரிவ்காவும் கொல்லப்பட்டனர். அந்த மையம் 2014-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின் நாடெங்கும் ஜெப ஆலயங்களில் பாதுகாப்பு இறுகியது. வழிபாட்டுக்குச் செல்ல விரும்புவோர், யூதராக இருந்தாலும், முன்கூட்டியே நிர்வாகக் குழுவிடம் தெரிவித்து, அடையாள அட்டையுடன் செல்வதே நல்லது.

பிற சமயத்தவர் பார்வையாளராகச் செல்லத் தடையில்லை. ஆனால் மின்யானில் எண்ணப்பட மாட்டார்கள். ஆண்கள் தலையை மூடியிருக்க வேண்டும். பல ஆலயங்களில் பெண்களுக்கு மாடியில் தனி இடம் உண்டு. ஓய்வுநாளில் எழுதுவதும் கைப்பேசியைப் பயன்படுத்துவதும் படம் எடுப்பதும் கூடாது. கொச்சி பரதேசி ஆலயம் சனிக்கிழமைகளில் பார்வையாளர்களுக்குத் திறக்கப்படுவதில்லை.

யூத சமயம் ஆள் சேர்க்கும் சமயம் அன்று. மதம் மாற விரும்புவோர் நெடிய கல்விக்குப் பின், மூன்று நடுவர் கொண்ட ரபிகள் மன்றத்தின் முன் நிற்க வேண்டும். தங்களை இஸ்ரவேலின் தொலைந்துபோன குலத்தினராகக் கருதும் மணிப்பூர், மிசோரம் மாநில ‘பெனே மெனாஷே’ மக்களுக்காக 2005-இல் இஸ்ரேலில் இருந்தே ரபிகள் வர வேண்டியிருந்தது.

அரசின் பார்வையிலும் எண்ணிக்கை முக்கியமானதே. மகாராஷ்டிரம் 2016-லும் குஜராத் 2018-லும் யூதர்களுக்குச் சிறுபான்மையினர் தகுதி வழங்கின. மத்திய அரசின் சிறுபான்மையினர் பட்டியலில் முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, ஜைனர் ஆகியோர் உள்ளனர், யூதர்கள் இல்லை.

ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் இந்தச் சிக்கல் எழுவதில்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வரும் யூதப் புத்தாண்டையும் பாவக் கழுவாய் நாளையும் ஒட்டி, வெளியூர்களில் இருந்தும் உறவினர்கள் திரும்பி வருகின்றனர். கழுவாய் நாளுக்குப் பெனே இஸ்ரவேலர் மராத்தியில் வைத்த பழைய பெயர், கதவடைப்புத் திருநாள் என்று பொருள்படும். வீட்டுக் கதவுகளை அடைத்துவிட்டு, வெண்ணிற ஆடையில், உபவாசத்துடன் அன்று எல்லோரும் ஆலயத்தில் இருப்பார்கள். தாணேயில் அன்று இருக்கை கிடைப்பது கடினம்.