12 வோல்ட்டில் ஒரு ட்யூப்

பேஸ் கிட்டாருக்கு அசல் ட்யூப் ஒலி கிடைக்கும்னு நம்பி ஒரு குட்டி ப்ரீஆம்ப் வாங்கினேன். ஆரஞ்சு வெளிச்சம் பிரமாதம். ஒலிதான் சளி பிடித்த தொண்டை மாதிரி. திறந்து பார்த்தால், வெளிச்சம் வருவது ட்யூபுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எல்இடியிலிருந்து! ட்யூபின் ப்ளேட்டில் மல்டிமீட்டர் காட்டியது வெறும் 12 வோல்ட். இதே 12ஏஎக்ஸ்7 ட்யூபுக்குப் பெரிய ஆம்ப்களில் சாதாரணமாக 150, 200 வோல்ட் கொடுப்பார்கள்.

வோல்டேஜ் குறைந்தால் சிக்னல் ஏறி இறங்க இடமில்லை. சீக்கிரமே முகடு வெட்டுப்பட்டு டிஸ்டார்ஷன் வந்துவிடும். பேஸில் பலமெல்லாம் கீழ் அதிர்வெண்களில் (ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ்). அதுவே முதலில் ட்யூபை நிரப்பி, மேலே இருப்பதையும் சேர்த்துக் கலக்கிவிடுகிறது.

இன்னொரு விஷயம், 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடியின் ஒலி ப்ரீஆம்பில் மட்டும் பிறப்பதில்லை. ஆறு பவர் ட்யூப், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர், எல்லாம் சேர்ந்த 300 வாட் கூட்டணி அது.

அதனால் சிக்னலை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று தொடாமல் அப்படியே போகும். மற்றதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்துவிட்டு ட்யூபுக்குள் அனுப்பினேன். வெளியே வந்ததும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கீச்சை வடிகட்டினேன். பெரிய ஸ்பீக்கர் பெட்டி தானாகச் செய்கிற வேலை இது. பிறகு இரண்டையும் கலந்தேன். கலக்கும்போது ஒலி மெலிந்தால் ஃபேஸ் அடித்துக்கொள்கிறது என்று அர்த்தம், ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கிப் பாருங்க. சத்தத்துக்கு க்ளாஸ்-டி பவர் ஆம்ப் போதும்.

எஸ்விடி ஆகிவிடவில்லைதான். ஆனால் ட்ரம்ஸுக்கு நடுவிலும் கீழ் ஈ இப்போ தனியா கேக்குது, லேசான உறுமலோட.