காற்றும் முற்றமும்

2021 மார்ச் மாதத்தில் தஞ்சை மாவட்டத்துப் பள்ளிகள் சிலவற்றில் மாணவர்களிடையே கொரோனா அடுத்தடுத்துத் தென்பட்டு, மாநிலம் முழுவதும் ஒன்பது முதல் பதினொன்று வரையிலான வகுப்புகள் 22-ஆம் தேதியிலிருந்து மூடப்பட்டபோது, கை கழுவும் கலையில் நம் ஜனங்கள் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தார்கள். சுவாசிக்கும் காற்றைப் பற்றித்தான் அவ்வளவு சிரத்தை பிறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே இது காற்றில் பரவும் வியாதியன்று என்று அறிவித்துவிட்டு, மறு வருஷத்தில்தான் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டது.

பேசும்போதும் பாடும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட, நம்மிடமிருந்து ஈரத்துளிகள் வெளிப்படுகின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நூறு மைக்ரான் பருமனுள்ள துளி ஐந்தாறு விநாடிகளில் தரை சேர்ந்துவிடும். ஐந்து மைக்ரான் துளியோ, அசைவற்ற காற்றில் ஓர் ஆள் உயரம் இறங்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். ஒரு மைக்ரான் துளி பல மணி நேரம் மிதக்கும். மூடிய அறையில் ஏற்றிய சாம்பிராணிப் புகையைப் போல அது மூலை முடுக்கெல்லாம் நிறைந்துவிடுமாதலால், அங்கே ஆறடி தள்ளி உட்கார்ந்திருப்பதனால் மட்டும் தப்பிவிட முடியாது.

கும்பகோணத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பதும், நடுவே ஆகாயம் பார்க்கத் திறந்திருக்கும் முற்றத்தின் வழியாகக் கூடத்து உஷ்ணக் காற்று மேலே எழும்ப, அதன் இடத்திற்கு வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று வந்து சேர்வதும் இந்த விஷயத்தில் பெரிய அனுகூலம். சந்தேகமுள்ளவர்கள் கரியமிலவாயுவை அளக்கும் சிறு கருவியொன்றை வைத்துப் பார்க்கலாம். வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு இருக்கும் அந்த வாயு நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000 பங்கு இருப்பதால், கருவியின் எண் ஏற ஏற, பிறர் விட்ட மூச்சையே நாம் மீண்டும் இழுக்கிறோம் என்று பொருள். ஜன்னல்களை அடைத்து ஏ.சி. போட்ட கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கையில் அந்த எண் விறுவிறுவென்று ஏறும். சுவரில் மாட்டும் சாதாரண ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்பத் தருகிறதேயன்றி வெளிக்காற்றைக் கொணர்வதில்லை.

முற்றம் இருந்தால் வியாதி அண்டாது என்று நான் சொல்ல வரவில்லை. 1918-இல் பம்பாயில் இறங்கி ரயில் பாதை வழியே தேசமெங்கும் பரவிய இன்புளுயென்சா, கோடிக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுபோனபோது முற்றமுள்ள வீடுகளுக்குக் குறைவில்லை. அன்றியும், அந்த வீடுகளிலேயே ஜன்னலில்லாத இருட்டு உள் ஒன்று உண்டு. நோயாளியை ஒதுக்கி வைக்கிறோமென்று அதற்குள் படுக்க வைப்பது, அவருக்குச் சோறு கொண்டுபோகிறவருக்குச் செய்யும் கெடுதல். ஜன்னலுள்ள அறையில் அவரைப் படுக்கவைத்து, காற்றை வெளியே தள்ளும்படி ஒரு விசிறியை ஜன்னலருகே வைப்பது எவ்வளவோ மேல். குரங்குக்கும் மழைக்கும் பயந்து முற்றத்தின்மேல் பிளாஸ்டிக் தகடு போட்டவர்கள், ஓரத்தில் ஒரு முழமாவது இடைவெளி விடலாம்.

நோயாளி அருகே போகிறவர்களுக்கு முகக்கவசம் வேண்டும். நோயாளியும் அணிந்தால் பயன் இன்னும் அதிகம். என்-95 என்னும் வகை வெறும் சல்லடையன்று. அதன் இழைகளில் மின்னேற்றம் நிலைத்திருக்கிறது. பெரிய துகள் காற்றோடு வளைந்து திரும்ப மாட்டாமல் இழையில் மோதும். மிகச் சூக்ஷ்மமான துகள் தத்தளித்துத் தானே வந்து ஒட்டும். இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரான் அளவில் இருப்பதுதான் நழுவப் பார்க்கும். அதையும் அந்த மின்னேற்றம் இழுத்துக்கொள்வதால்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தடைபடுகிறது. சோப்புப் போட்டுத் துவைத்தால் மின்னேற்றம் போய்விடும். மூக்கின் இருபுறமும் இடுக்கு விட்டுக் கட்டினால் காற்று அந்த இடுக்கு வழியாகவே போய்வரும்.