ஊதுகொம்பும் உரிமையும்

பந்தாட்ட மைதானத்தில் ஜனங்கள் மௌனவிரதம் அனுஷ்டிப்பார்கள் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. பல்லாயிரவர் ஓரிடத்தில் கூடினால் ஆரவாரம் எழுவது இயற்கை. ஆனால் அந்த ஆரவாரத்துக்கு எல்லை உண்டா, உண்டென்றால் அதை வகுக்கும் அதிகாரம் எவருக்குரியது என்னும் கேள்விகள் 2010-ம் வருஷத்தில் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடந்தபோது எங்கும் கிளம்பின. வழக்குக்குக் காரணமாயிருந்தது சுமார் 65 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் கொம்பு. 'வுவுசெலா' என்பது அதன் பெயர். கோபதாபங்கள் தணிந்துவிட்ட இக்காலத்தில் இவ்விஷயத்தைப் பக்ஷபாதமின்றி ஆராய்வது நலமென்று கருதுகிறோம். ஏனெனில், இஃது ஒரு கொம்பை மாத்திரம் பற்றிய விவகாரமன்று.

இக்கொம்பைத் தோற்றுவித்தவர் யாரென்பதிலேயே தகராறு உண்டு. கைஸர் சீஃப்ஸ் கோஷ்டியின் பிரசித்தி பெற்ற ரசிகரான ஃபிரெடி மாகே, 1965-ல் சைக்கிளின் அலுமினியக் கொம்பிலிருந்த ரப்பர்ப் பந்தைக் கழற்றிவிட்டுத் தாம் வாயால் ஊதத் தொடங்கியதே இதன் ஆதி என்று கூறிவந்தார். ஏசாயா ஷெம்பே 1910-ல் நேட்டாலில் ஸ்தாபித்த நாசரேத் பாப்டிஸ்ட் சபையாரோ, இது தங்கள் வழிபாட்டுக்குரிய கொம்பு என்கின்றனர். 'கூடு' என்னும் மானின் கொம்பை ஊதி ஊராரைக் கூட்டிய பழைய வழக்கத்தின் வழிவந்தது இது என்பாரும் உளர். எது எப்படியாயினும், 2001-ம் வருஷத்தையொட்டி ஒரு கம்பெனியார் இதைப் பிளாஸ்டிக்கில் வார்த்து ஏராளமாக விற்கத் தொடங்கிய பின்னரே இதன் முழக்கம் தேசமெங்கும் பரவிற்று.

2009-ல் அங்கு நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைப் பந்தயங்களின்போதே ஐரோப்பியர் முறையிடத் தொடங்கினர். இதைத் தடுக்க வேண்டும் என்றார் ஸ்பெயின் தேசத்து ஆட்டக்காரர் ஷாபி அலோன்ஸோ. 'ஃபிஃபா' சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் ஸெப் பிளாட்டர், ஆப்பிரிக்காவில் நடக்கும் விழாவை ஐரோப்பிய விழாவாக்க முயல்வது தகாது என்று கூறி மறுத்துவிட்டார். மறு வருஷம், காலை ஆறு மணி முதல் ஊதித் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள் என்று குறைகூறினார் பிரெஞ்சுக் கோஷ்டியின் தலைவர் எவ்ரா. ஆனால் பிரெஞ்சுக்காரர் முதற்சுற்றிலேயே ஊர் திரும்பியதற்குக் கொம்பு காரணமன்று. தம் பயிற்சியாளரோடு பிணங்கிப் பயிற்சிக்கே வர மறுத்த கோஷ்டி அது. கடைசி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவிடமே 2-1 என்ற கணக்கில் தோற்று வெளியேறிற்று.

விருந்துக்கு வந்தவர் வீட்டுக்காரனுடைய மகிழ்ச்சியை அளந்து கொடுக்க முற்படுவது முறையா? இங்கிலாந்தின் மைதானங்களில் 1960-களில் மரக் கிலுக்குகளைச் சுழற்றிக் காதடைக்கச் சத்தமிட்டவர்கள் ஆங்கிலேயரே. மெக்ஸிகோவிலும் பிரேஸிலிலும் நீண்ட கொம்புகளை ஊதும் வழக்கம் 2010-க்கு வெகு காலம் முன்பே இருந்தது. அப்போதெல்லாம் எழாத நாகரிகப் பிரச்னை ஆப்பிரிக்கர் ஊதியவுடன் எழுந்தது ஏன் என்று அவர்கள் வினவியதில் தவறில்லை.

கால்பந்து அத்தேசத்தில் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நிறவெறி ஆட்சியில் வெள்ளையர், ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தவர் என்று ஆட்டச் சங்கங்களே பிரிந்து கிடந்தன. 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் சந்ததியாரும் அவ்வேலிக்குள் நின்றே பந்து விளையாடினர். ராபன் தீவின் அரசியல் கைதிகள் பந்தாடும் உரிமைக்காக வருஷக்கணக்கில் மனுச் செய்துகொண்டு, அதைப் பெற்றபின் 'மகானா கால்பந்துச் சங்கம்' என்ற பெயரால் சட்டதிட்டங்களோடு பந்தயங்கள் நடத்தினர். ஃபிஃபாவிலிருந்து 1976-ல் விலக்கப்பட்ட தென்னாப்பிரிக்கா, 1992-ல்தான் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. 1990 பிப்ரவரியில் விடுதலை பெற்ற மண்டேலாவை ஜோஹானஸ்பர்க் ஜனங்கள் திரண்டு வரவேற்ற ஸாக்கர் ஸிட்டி மைதானத்திலேயே, 2010 ஜூன் 11-ந் தேதி முதல் ஆட்டம் தொடங்கிற்று. ஷபலாலா மெக்ஸிகோவுக்கு எதிராக முதல் கோலை அடித்தபோது எழுந்த முழக்கத்தில் இத்தனை சரித்திரமும் அடங்கியிருந்தது. அதை வெறும் இரைச்சல் என்று தள்ளியவர்கள் பாதியைத்தான் கேட்டார்கள்.

நிற்க. வந்தவர் குறைகூறும் முறை தவறு என்பதால், குறையே இல்லை என்று ஆகிவிடாது. இவ்வழக்கில் மறுக்கவொண்ணாத சாக்ஷியம் ஐரோப்பாவிலிருந்து வரவில்லை, தென்னாப்பிரிக்காவிலிருந்தே வந்தது. ப்ரிட்டோரியா சர்வகலாசாலையைச் சேர்ந்த செவிநூல் வல்லுநர்கள் இதன் ஒலியை அளந்து, அந்நாட்டு வைத்தியப் பத்திரிகையில் 2010-ல் வெளியிட்டனர். கொம்பின் வாயருகே 131 டெஸிபல். இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலும் 113 டெஸிபல். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் வேலை செய்வோருக்கு 85 டெஸிபல் எல்லை என்பர். அதற்குமேல் ஒவ்வொரு மூன்று டெஸிபலுக்கும் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும் என்பது ஒலியியலார் கைக்கொள்ளும் கணக்கு. அக்கணக்கின்படி 113 டெஸிபலுக்குச் செவி ஒரு நிமிஷங்கூடத் தாங்கலாகாது. ஆட்டமோ தொண்ணூறு நிமிஷம்! செவியின் உட்புறத்து நுண்மயிர் அணுக்கள் ஒரு முறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அந்த அணுக்களுக்குத் தேசமும் தெரியாது, நிறமும் தெரியாது.

இரண்டாவது விஷயம் பாட்டைப் பற்றியது. தென்னாப்பிரிக்க மைதானங்களின் பழைய பெருமை ஜனங்கள் ஒரே குரலில் பாடிய பாட்டுக்களே. பந்தயங்களை நடத்திய கமிட்டியின் பிரதம நிர்வாகி டானி ஜோர்டான், தமக்குப் பாட்டே விருப்பம் என்றும், விடுதலைப் போராட்டக் காலத்தில் ஜனங்களின் உணர்ச்சியை எழுப்பியது பாட்டே என்றும் பகிரங்கமாகக் கூறினார். வுவுசெலாவுக்கோ ஒரே சுருதிதான். வினாடிக்குச் சுமார் 233 அதிர்வுகள். கோல் விழுந்தாலும் அதே ஒலி. பந்து வெளியே போனாலும் அதே ஒலி. மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் வேற்றுமை காட்டத் தெரியாத கருவி, வேற்றுமை காட்டத் தெரிந்த ஆயிரமாயிரம் குரல்களை அமுக்கிவிட்டது. இது லாபமா, நஷ்டமா?

மூன்றாவதாக, ஆப்பிரிக்காவின் குரல் என்று கொண்டாடப்பட்ட இக்கொம்புகளில் மிகப் பெரும்பாலானவை அவ்வருஷம் சீன தேசத்து ஆலைகளிலிருந்து கப்பலேறி வந்தவை. பெருமை ஓரிடம், லாபம் வேறிடம்! தேசாபிமானத்தின் பெயரால் விற்கப்படும் பொருளை வாங்குமுன், அதனால் பிழைப்பவர் யார் என்று கேட்பது தேசபக்தர் எவருக்கும் கடமையாகும்.

பின்னர் நடந்தது யாவரும் அறிந்ததே. 2010 கோடையிலேயே விம்பிள்டன் டென்னிஸ் மைதானத்தார் இதைத் தடுத்தனர். அவ்வருஷம் செப்டம்பரில் ஐரோப்பியக் கால்பந்து சம்மேளனம் தன் பந்தயங்களில் விலக்கிற்று. 2014-ல் பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பையிலும் இதற்கு இடமில்லை. அதற்கென்று பிரேஸிலியர் தயாரித்த 'கஷிரோலா' என்னும் கிலுக்கும், 2013-ல் ஸால்வடாரில் ரசிகர்கள் அதை மைதானத்துக்குள் வீசியெறிந்ததனால் விலக்கப்பட்டது.

நமது அபிப்பிராயம் இதுவே. ஒரு தேசத்தார் எப்படி மகிழ வேண்டும் என்று அந்நியர் ஆணையிடுவதை நாம் ஒருநாளும் ஒப்போம். ஆனால் அந்நியர் குறைகூறினார் என்ற ஒரே காரணத்துக்காக நமக்கே தீங்கு செய்யும் பழக்கத்தைக் கட்டிக் காப்பதும் சுதந்திரமாகாது. அதுவும் அந்நியருக்கு அடிமைப்பட்ட புத்தியே. மைதானத்துக்குத் தகப்பன் தோளேறி வரும் குழந்தை தன் செவியைத் தானே காத்துக்கொள்ள இயலாது. அதற்காக விதி வகுப்பது உரிமையைப் பறிப்பதன்று. பெற்றோரின் கடமையைப் பொதுவில் ஏற்பதாகும். அவ்விதியும் ஒரு கண்டத்தாருக்கு ஒன்று, மறு கண்டத்தாருக்கு வேறொன்று என்றிருத்தலாகாது. கிலுக்காயினும், முரசாயினும், ஒலிபெருக்கியாயினும் அளவு ஒன்றே. உள்நாட்டு வைத்தியர் தந்த எச்சரிக்கை செவிடன் காதில் ஊதிய சங்காகப் போனால், நாளடைவில் அப்பழமொழி உவமையாக நில்லாது, உண்மையாகவே ஆகிவிடும். கொம்பு ஓயட்டும்; ஜனங்கள் வாய்விட்டுப் பாடட்டும்.