பார்வை சாய்ந்தால் அளவும் மாறும்

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் பெறும் பெரிய ஏரி அது. ஆயினும், கரையில் நிற்பவர் கண்ணுக்கு அந்த அகன்ற நீர்ப்பரப்பு ஒரு மெல்லிய வெள்ளிப் பட்டையாகவே தெரியும். வானிலிருந்து நேர் கீழாக நோக்கினால்தான் அதன் உண்மை வடிவம் புலப்படும். ஏரி ஒன்றே, பார்வைதான் வேறு.

இராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதிகளில் தோல் காலணித் தொழில் நடைபெறுவதை அறிவீர்கள். காலணி செய்வதற்கு முதலில் 'லாஸ்ட்' எனப்படும் கால் வடிவ அச்சு வேண்டும். அதன் மேல்தான் தோலை இழுத்துப் பொருத்துவார்கள். இந்த அச்சின் உருவத்தைக் கணிப்பொறியில் ஏற்றி, 'கேட்' என்னும் வரைவு மென்பொருளின் உதவியால் காலணியை வடிவமைக்க இன்று முடிகிறது.

அச்சோ கன உருவம், திரையோ தட்டையானது. என்ன செய்வது? மென்பொருள் ஒரு கற்பனைக் காமிராவை அமைத்துக்கொள்கிறது. அக்காமிரா காண்பதே திரையில் தெரியும் படம். காமிராவை அச்சைச் சுற்றிச் சுழற்றலாம், பக்கவாட்டில் நகர்த்தலாம், காட்சியைப் பெரிதாக்கலாம். இவற்றால் அச்சின் அளவு சிறிதும் மாறாது.

இனி வரைவதற்கு வருவோம். முதலில் எந்தத் தளத்தின் மேல் வரைகிறோம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் நாம் சுட்டும் புள்ளிக்கு நீளம், அகலம் என்ற இரண்டு அளவுகளே உண்டு. ஆழம் எவ்வளவு? காமிராவிலிருந்து அப்புள்ளி வழியே ஒரு நேர்கோட்டைச் செலுத்தி, அது தளத்தைத் தொடும் இடத்தை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்கிறது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. இயல்பளவுப் படத்தில் காமிரா தளத்துக்குச் செங்குத்தாக நோக்கினால், திரையில் 1 மில்லிமீட்டர் என்பது தளத்திலும் 1 மில்லிமீட்டர்தான். பார்வை 60 பாகை சாய்ந்திருந்தால், சாய்ந்த திசையில் அது 2 மில்லிமீட்டர் ஆகிவிடும். 80 பாகையில் ஏறத்தாழ 5.8 மில்லிமீட்டர்! 90 பாகையிலோ நேர்கோடு தளத்துக்கு இணையாகிவிடுவதால், அதைத் தொடவே தொடாது.

கை நடுங்கியதால் நேர்ந்த 1 மில்லிமீட்டர் பிழை, சாய்ந்த பார்வையில் வார்த்துளையை 2 மில்லிமீட்டர் தள்ளிவிடக்கூடும். அந்த வரைபடத்தைக் கொண்டு வெட்டும் ஒவ்வொரு தோலிலும் அதே பிழை வரும். வெட்டிய தோலை மீண்டும் ஒட்ட முடியுமா?

இதற்காகவே, காமிராவை வரைதளத்துக்கு நேர் எதிரே கொண்டு நிறுத்தும் கட்டளை மென்பொருளில் உண்டு. தொலைவிலுள்ளவை சிறுத்துத் தெரியும் தோற்றத்தையும் நிறுத்திவிடலாம். இரயில் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்று சேர்வதுபோல் தெரிகின்றன அல்லவா? அத்தகைய மயக்கம் அளவு பார்ப்பதற்கு உதவாது.

இவ்வெண்ணம் புதிதன்று. 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து 'ஸ்கெட்ச்பேட்' என்ற திரைவரைவு முறையை உருவாக்கினார். அதே ஆண்டில் திமோத்தி ஜான்சன் அதனைக் கன உருவங்களுக்கு விரிவாக்கினார். மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று நேர்த்தோற்றங்களும், கண் காண்பது போன்ற ஒரு தோற்றமும் அதில் ஒருங்கே தெரிந்தன.

அப்படியானால், எப்போதும் நேராகவே பார்த்தால் போதாதா? போதாது! மேலிருந்து நோக்கினால் பந்தும் வட்டம். நிமிர்ந்து நிற்கும் உருளையும் வட்டம். சுழற்றிப் பார்த்தால்தான் ஆழம் விளங்கும். ஆகவே வரையும்போது நேராகப் பாருங்கள். சரிபார்க்கும்போது சுழற்றிப் பாருங்கள்.

கணிப்பொறி இல்லையா? கவலை வேண்டாம். ஒரு வளையலைக் கை நீட்டும் தொலைவில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நேராக இருக்கும்போது அது வட்டம். மெல்லச் சாய்த்தால் நீள்வட்டம் ஆகும். 60 பாகை சாய்க்கும்போது அதன் குறுக்களவு ஏறக்குறையப் பாதியாகத் தெரியும். 60 பாகையின் கொசைன் மதிப்பு எவ்வளவு என்று உங்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். காரணம் விளங்கிவிடும்!