விதைநெல்லும் தாயின் கரங்களும்

உருவ ஓவியமொன்றில் உணர்ச்சி எங்கே உறைகின்றது? முகத்தில் என்பதே பொதுவான விடை. அவ்விடை போதியதன்று என்பதை, ஜேர்மன் ஓவியர் கேத்தே கொல்விற்ஸ் (1867-1945) 1941-42 காலப்பகுதியில் ஆக்கிய இறுதிக் கல்லச்சோவியத்தைக் கொண்டு நோக்குவோம்.

முதிய தாயொருத்தி தன் வலிய கரங்களை வளைத்து மூன்று சிறுவரை மூடிக்கொள்கிறாள். அவள் முகத்தில் கண்ணீர் இல்லை. உணர்ச்சியைச் சுமப்பன கரங்களே. சிறுவரோ ஒடுங்கிக் கிடப்பவரல்லர். வெளியே எட்டிப் பார்க்கின்றனர். காக்கும் கரங்களுக்கும் வெளியேறத் துடிக்கும் இளமைக்கும் இடையிலான முரண்பாடே இப்படைப்பின் உயிர்நிலை. அதனைக் காணாது 'தாய்ப்பாசம்' எனப் பெயரிட்டு அமைதல் ஓவியத்தைப் பாதியே பார்த்தலாகும்.

குறியீடும் இவ்வாறே வரலாற்றில் விளைவது. தன் மேலாடைக்குள் மக்களுக்கு அடைக்கலம் தரும் மரியாளை இடைக்கால ஐரோப்பிய ஓவியர் வரைந்தனர். மருத்துவரான கணவரோடு பேர்லின் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்த கொல்விற்ஸ், தெய்வத்தின் இடத்தில் உழைக்கும் பெண்ணை நிறுத்தினார். 'விதைத்தானியம் அரைபடலாகாது' என்னும் பொருள்தரும் தலைப்பு கதேயின் நாவலிலிருந்து பெறப்பட்டது. 1914இல் தம் மகன் பீற்றரைப் போரில் இழந்த அவர், 1918இல் மேலும் இளைஞர் போருக்கு அழைக்கப்பட்டவேளை, அதே தொடரைக் கொண்டே பகிரங்கமாக மறுத்தெழுதினார்.

வட்டையை நம்பி வாழும் சித்தாண்டி மக்களுக்கு விதைநெல் பற்றி உரை வேண்டியதில்லை. பசியிலும் குற்றப்படாதது அது. அயலூரான வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோருள் 158 பேர் 1990 செப்டெம்பர் 5இல் படையினராற் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போயினர். ஆயுதமேந்தச் சிறுவர் சேர்க்கப்பட்ட ஆண்டுகளையும் இப்பிரதேசத்துத் தாய்மார் கண்டனர். அவர்கள் இவ்வோவியத்தை நோக்குங்கால் அதன் பொருள் மாறுவதில்லை, கனம் கூடுகின்றது. கரங்களும் சிறுவரும் வகுத்த எல்லைக்குள் நின்றே பார்ப்போரின் அனுபவம் பொருளை நிறைவுசெய்கின்றது. பொருள்கோடல் என்பது மனம்போன போக்கன்று என யாம் கூறுவது இதனாலேயே.

1942 செப்டெம்பரில், பீற்றர் என்றே பெயரிடப்பட்ட பேரனும் போர்முனையில் மாண்டான். ஓவியம் காப்புக்கயிறன்று. அது கரங்களைக் காட்டுகின்றது; விதையை அரைக்கும் திரிகையைக் காட்டவில்லை. அத்திரிகை எது, அதனைச் சுழற்றுவோர் யாவர் எனக் கேட்பது பார்ப்போராகிய எமது கடன்.